கள்ளுண்ணாமை ஒருபாலார்க்கோ?

கொலை, களவு, கட்குடி, காமம், பொய் என்னும் ஐந்தும் மாபாதகங்கள் என்பது நம் சைவ வித்தியாசாலைகளிலே பாலபாடம் படிக்கும் பிள்ளைக்குந் தெரிந்த செய்தி. சிறுவரும் சிறுமியரும் ஒரே வகுப்பிலிருந்து அதனை ஒருசேர ஒப்பிக்கின்றனர். ஆசிரியரும் இருபாலார்க்கும் ஒரு பொருளே உரைக்கின்றார். ஆயினும் இருபது ஆண்டுகள் கழிந்தபின் அவ்வகுப்பிலிருந்தோரைத் தேடிச் சென்று காண்பேமாயின், சிறுமியராயிருந்தோர் பெரும்பாலும் அப்பாடத்தின்படி ஒழுகுவாராகவும், சிறுவராயிருந்தோருட் பலர் அதனை மறந்தாராகவும் காண்கின்றோம். மறந்தது மாத்திரமன்று, மறந்தமைக்கு அவர் நாணுவதும் இல்லை, ஊரார் அவரை நாணச் செய்வதும் இல்லை. பாடம் ஒன்றாயிருப்பப் பயன் இரண்டாயது எதனால்? இவ்வினாவையே ஈண்டு ஆராயப் புகுந்தாம்.

இவ்வேறுபாடு கண்ணாற் கண்ட அளவிற் கூறுவதன்று, எண்ணாலும் நிறுவப்பெற்றது. 2015ஆம் ஆண்டிலே, உலக சுகாதார நிறுவனம் வகுத்த முறையைப் பின்பற்றி, இலங்கையில் 18 முதல் 69 வயது வரையுள்ளாரிடையே ஓர் ஆய்வு நிகழ்ந்தது. அதன்கண், முந்திய 30 நாட்களுள் மதுவருந்தினேம் என்றோர் ஆடவருள் நூற்றுக்கு ஏறக்குறைய 35 பேர். மகளிருள்ளோ இருநூற்றுவர்க்கு ஒருவரே. உலகமுழுவதையும் நோக்கினும் ஆடவரே மிகுதியாகக் குடிக்கின்றனர், மிகுதியாக மாள்கின்றனர். 2019ஆம் ஆண்டில் மதுவினால் இறந்தோர் ஏறக்குறைய 26 இலட்சம் என்றும், அவருள் 20 இலட்சத்தவர் ஆடவர், 6 இலட்சத்தவர் மகளிர் என்றும் அந்நிறுவனம் கணக்கிட்டுள்ளது. மேலைநாடுகள் பலவற்றிலே இருபாலார்க்குமிடையிலுள்ள இவ்விடைவெளி சுருங்கி வருகின்றது. நம் நாட்டில் அஃது இன்னும் மலைக்கும் மடுவுக்குமுள்ள தூரமாகவே இருக்கின்றது.

இதனைக் கேட்டவுடனே, ‘மகளிர் குடியாமை பெண்ணியல்பு, நம் பெண்மணிகள் பிறவியிலேயே தூயர்’ என்று மகிழ்வாருமுளர். அம்மகிழ்ச்சி ஆராயாது கொண்டதாகும். என்னை? இயல்பென்பது எக்காலத்தும் எவ்விடத்தும் ஒருபடித்தாய் நிற்றல் வேண்டும். நெருப்பின் சூடு ஊருக்கொருவிதமாக மாறுவதில்லை. சங்கச் செய்யுள் பயின்றோர், ஔவையார் அதியமான் நெடுமானஞ்சியோடு கள்ளுண்ட செய்தியை அறிவர். அம்மன்னன் மாய்ந்தபின் அவர் பாடிய புறநானூற்றுச் செய்யுள், அவன் தமக்குக் கள்ளளித்த அன்பினை நினைந்தே இரங்குகின்றது. (பிற்காலத்து நீதிநூல்கள் இயற்றிய ஔவையார் வேறொருவர் என்பர். அது நிற்க.) அக்காலத்திலே புலமை மிக்க பெண்ணொருத்தி மன்னவையிற் கள்ளுண்டல் இழுக்கெனக் கருதப்பட்டிலது. இக்காலத்தை நோக்குவார், 2024ஆம் ஆண்டு ஜூன் மாதத்திலே தமிழ்நாட்டுக் கள்ளக்குறிச்சியில் நிகழ்ந்த கொடுமையை மறந்திரார். மெதனோல் கலந்த கள்ளச்சாராயத்தைக் குடித்து அறுபதின் மேற்பட்டோர் மாண்டனர். மாண்டோருட் பெண்டிரும் இருந்தனர். உழைத்துக் களைத்த ஏழைப் பெண்டிர் அவர். பெண் குடியாள் என்று மேடையிற் பேசுவோர், அவரைப் பெண்டிருள் வைத்து எண்ணுவதில்லை போலும்.

ஆகவே, மகளிர் குடியாமைக்கும் ஆடவர் குடித்தற்கும் காரணம் இயல்பன்று, வழக்கமேயாம். பெண் ஒருத்தி குடித்தாளென்றால் ஊர் அவளை ஒருநாளும் மறவாது. ஆண் குடித்தானென்றால் மறுநாட் காலையிலே அது நகைப்புக்குரிய கதையாகிவிடும். கலியாண வீட்டின் பின்புறத்திலே மாமன் முறையானொருவன் மருமகனுக்கு முதற் கிண்ணத்தை நீட்டி, ‘இனி நீயும் ஆம்பிளை’ என்பான். அக்கிண்ணம் ஆண்மைக்கு இட்ட முத்திரையாகின்றது. பெண் பிறர் கண்ணுக்கு அஞ்சிக் குடியாதிருக்கின்றாள். ஆண் பிறர் கண்ணுக்கு அஞ்சியே குடிக்கின்றான். இருவரும் அறத்தை நோக்கி ஒழுகினாரல்லர். இவ்வுண்மை சிறிது கசக்கும். ஆயினும் இதனுள் ஒரு நம்பிக்கையுமுண்டு. வழக்கத்தால் வந்தது வழக்கத்தால் நீங்கும். நாட்டுப் பெண்டிர் ஏறக்குறைய எல்லாரும் மதுவின்றி விழாக் கொண்டாடவும், துயருறவும், உழைக்கவும், உறங்கவும் வல்லராயிருக்கின்றனர் என்றால், ஆடவர்க்கு அது முடியாதென்பது வெறும் பொய்.

இனி, இலங்கையிலே 2018ஆம் ஆண்டு ஜனவரி மாதத்தில் நிகழ்ந்தவொன்றை எடுத்துக்கொள்வோம். தவறணைகளிலே பெண்ணுக்கு மது விற்றலாகாது என்று பல்லாண்டுகளாக ஒரு விதி இருந்துவந்தது. அம்மாதம் 10ஆந் திகதி நிதியமைச்சர் மங்கள சமரவீர அவ்விதியை நீக்கி அறிவித்தல் வெளியிட்டார். நான்கு நாள் கழிவதற்குள் சனாதிபதி மைத்திரிபால சிறிசேன அதனை மீளப்பெறுமாறு பணித்தார். பழைய விதியே மீண்டும் நிலைபெற்றது. மகளிர் சிலர் இதனை எதிர்த்து உச்ச நீதிமன்றத்தை அணுகினர். அப்பொழுது நாட்டிலே இரண்டு குரல்கள் எழுந்தன. ஒன்று, ‘ஆணுக்குள்ள உரிமை பெண்ணுக்கும் வேண்டும்’ என்றது. மற்றது, ‘பெண் குடித்தாற் குடும்பம் என்னாம்? பண்பாடு என்னாம்?’ என்றது.

இவ்விரண்டனுள் யாது சைவர்க்கு உடன்பாடு? முதற்குரல், நஞ்சினைப் பங்கிட்டுக் கொள்ளுதலிற் சமத்துவம் தேடுகின்றது. ஆதலின் அதனை முழுதும் ஏற்றற்கில்லை. ஆயினும் இரண்டாங் குரலையே நம்மவர் பலர் மகிழ்ந்து வரவேற்றனர். அதன்கண் உள்ள குற்றமோ பெரிது. ‘பெண் குடித்தாற் குடும்பம் அழியும்’ என்போர், ஆண் குடித்தாற் குடும்பம் அழியாதென்று கருதினரோ? நாடெங்கும் தவறணை வாயிலில் ஆடவர் வரிசையாக நிற்க, அவர்க்கு விற்பதை ஒருவருந் தடுத்திலர். அங்கே இல்லாத பெண்ணுக்கு விற்பதைத் தடுத்தவுடனே பண்பாடு காப்பாற்றப்பட்டது என்று கைகொட்டினர். 2006ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டம் 21 வயது நிரம்பாத இருபாலார்க்கும் மது விற்றலைத் தடுத்தது. அவ்வளவில் அச்சட்டம் நேரியது. அவ்வயதின் பின்னரே ஆணுக்கொரு நீதியும் பெண்ணுக்கொரு நீதியும் பிரிகின்றன. கடை அடைக்கத்தக்கதாயின் இருபாலார்க்கும் அடைத்தல் வேண்டும். திறக்கத்தக்கதாயின் ஒருபாலாரை மாத்திரம் விலக்குதற்கு நியாயம் இல்லை. ஒருவர்க்குப் பாதகமாயுள்ளது மற்றவர்க்குப் பொழுதுபோக்காதல் யாங்ஙனம்?

‘இருபாலாரின் உடற்கூறும் வேறு; மதுவினால் வருங் கேடும் வேறு; ஆதலின் விதியும் வேறாதல் தகும்’ என்று வைத்திய நூலைத் துணைக்கொண்டு வழக்காடுவாருமுளர். அவர் கூற்றின் முற்பகுதி மெய்யே. அதனைச் சிறிது விரித்துரைத்தல் ஆசிரியர்க்குப் பயன்படும்.

மதுசாரம் உடலிலுள்ள நீரிலே கலந்து பரவுவது. ஆடவர் உடல்நிறையிலே நூற்றுக்கு ஏறக்குறைய 60 பங்கும், மகளிர் உடல்நிறையிலே ஏறக்குறைய 50 பங்கும் நீராகும். எனவே ஒரே நிறையுள்ள ஆணும் பெண்ணும் ஒரே அளவு குடிப்பின், பெண்ணின் குருதியிலே மதுசாரத்தின் செறிவு ஏறக்குறைய ஐந்திலொரு பங்கு மிகுந்து நிற்கும். நாட்பட்ட குடியினாலே கல்லீரலும் இருதயத் தசையும் பழுதுறுதல் மகளிர்க்குக் குறைந்த அளவிலும் குறைந்த காலத்திலும் நேர்கின்றது. சிறிதளவு மதுவும் மார்புப் புற்றுநோயின் வாய்ப்பைக் கூட்டுகின்றது. கருவுற்றாள் குடிப்பின் குழந்தையின் மூளையும் முகமும் உறுப்புக்களும் குறைபடுதலை 1973ஆம் ஆண்டிலே கென்னத் ஜோன்ஸ், டேவிட் ஸ்மித் என்னும் அமெரிக்க வைத்தியர் இருவர் விளக்கிப் பெயரிட்டனர்.

ஆடவர்க்கு வருங் கேடும் சிறிதன்று. 1988ஆம் ஆண்டிலேயே மதுபானங்கள் மனிதர்க்குப் புற்றுநோய் விளைப்பன என்று அத்துறையின் அனைத்துலக ஆராய்ச்சி நிலையம் வகுத்துவிட்டது. வாய், தொண்டை, உணவுக்குழல், கல்லீரல், பெருங்குடல் என்பன அந்நோய் பற்றும் இடங்கள். இவற்றோடு இரத்த அழுத்தம், தெருவிபத்து, நீரில் மூழ்குதல், தற்கொலை என்பனவுஞ் சேர்கின்றன. தீங்கில்லாத அளவென ஒன்று இல்லை என்று 2023ஆம் ஆண்டிலே உலக சுகாதார நிறுவனம் வெளிப்படையாக அறிவித்தது. ‘அளவோடு குடித்தால் நன்று’ என்னும் பழைய ஆறுதல் வைத்திய நூலாற் கைவிடப்பட்டது.

கணிதம் கற்பிக்கும் ஆசிரியர்க்கு ஒரு கணக்குத் தருகின்றோம். கால்போத்தற் சாராயம் ஏறக்குறைய 180 மில்லிலீற்றர். அதில் நூற்றுக்கு 33 பங்கு மதுசாரம் எனக் கொள்ளின் ஏறக்குறைய 60 மில்லிலீற்றர். நிறையில் 47 கிராம். கல்லீரல் மணிக்கு 7 முதல் 10 கிராம் வரையே எரித்து ஒழிக்கும். மாலை ஏழு மணிக்குக் கால்போத்தலைக் குடித்தவன் எப்பொழுது தெளிவான்? பிள்ளைகள் தாமே கணக்கிட்டு, நள்ளிரவு என்றோ, அதன்பின் இரண்டு மணி என்றோ விடை கூறுவர். அவ்விடையிலே, தந்தையின் வருகையை எதிர்நோக்கி உறங்காதிருந்த இரவுகளின் நீளத்தை அறியும் பிள்ளையும் ஒன்றிரண்டு இருக்கும். ஆதலின் அக்கணக்கை எவரையும் சுட்டாது கற்பித்தல் வேண்டும்.

இவ்வளவும் நோக்கின் யாது பெறப்படும்? பெண்ணின் உடல் விரைந்து கெடும். ஆணின் உடல் சிறிது தாமதித்துக் கெடும். தாமதித்துக் கெடுதல் கெடாமையாகாது. மேற்காட்டிய 20 இலட்சம் ஆடவரும் இத்தாமதத்தை நம்பியவரே. வைத்திய நூல் பெண்ணுக்கு மிகுந்த எச்சரிக்கை கூறிற்றேயன்றி, ஆணுக்கு அனுமதிச்சீட்டு எழுதிக் கொடுத்திலது.

இனிக் குடிப்பான் ஒருவன், கேட்டினை அனுபவிப்பார் பலர் என்பதற்கு நம் கீழைக்கரையிலேயே ஓர் உவமை உளது. அம்பாறை மாவட்டத்திலே, நிந்தவூருக்கும் அட்டாளைச்சேனைக்கும் இடையே கடலோரத்தில் ஒலுவில் என்னும் ஊர் உளது. அவ்வூர்த் துறைமுகத்தின் வேலை 2008ஆம் ஆண்டு தொடங்கி, 2013ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதத்திலே திறப்புவிழா நடந்தது. அலையைத் தடுக்கக் கடலினுள்ளே கல்லணை நீட்டப்பட்டது. கரையோரமாகத் தெற்கிலிருந்து வடக்கே நகரும் மணலை அவ்வணை மறித்தது. மறிபட்ட மணல் துறைமுக வாயிலிலே திரண்டு படகுகளுக்கு இடையூறாயிற்று. மணல் வந்து சேராத வடகரையையோ கடல் அரித்துத் தென்னந்தோப்புக்களை விழுங்கிற்று. அணையை வகுத்தவர் வேறு. நிலத்தை இழந்தவர் வேறு. இழந்தவர் அவ்வணையிலே ஒரு கல்லும் வைத்தாரல்லர். குடியும் இத்தன்மைத்தே. மகன் குடிப்பான், தாயின் உறக்கம் அரிக்கப்படும். கணவன் குடிப்பான்; மனைவியின் காதணி அடகுகடைக்குச் செல்லும். தந்தை குடிப்பான், பிள்ளையின் கொப்பி வாங்கும் பணம் கரையும். மகளிருள் இருநூற்றுவர்க்கு ஒருவரே குடிக்கின்றார் என்ற கணக்கினைக் கொண்டு, மதுவினால் மகளிர்க்குத் தீங்கில்லை என்று முடிவுசெய்வோமாயின், அரிக்கப்பட்ட கரையை விட்டு அணையை மாத்திரம் அளந்தவராவோம்.

இக்கரையிலே இக்கொடுமைக்கு மற்றொரு கூறும் உளது. மட்டக்களப்பு, அம்பாறைக் கரையோரத்துத் தமிழரிடையிலும் முஸ்லிம்களிடையிலும் தாய்வழிக் குடிமுறை நெடுங்காலமாக நிலவுவது. வீடு மகளுக்கே சீதனமாகச் செல்லும். மணமகன் மனைவியின் வீட்டுக்கு வந்து வாழ்வான். ஆகவே, இரவிலே வெறியோடு வந்து அவன் தட்டுங் கதவு அவளது கதவு. அவன் உடைக்கும் பாத்திரம் அவள் தாய் அவளுக்கு வைத்த பாத்திரம். தன் வீட்டிலே தானே அஞ்சி ஒடுங்கியிருக்கும் நிலையைக் காட்டிலும் இழிவு பெண்ணுக்கு வேறுண்டோ? இலங்கையிலே 2019ஆம் ஆண்டு நடைபெற்ற மகளிர் நலன் பற்றிய ஆய்வு, கணவராலோ துணைவராலோ ஊறுபட்ட மகளிர் ஐவருள் ஒருவர் என்று காட்டிற்று. அதற்கெல்லாம் குடியொன்றே காரணமென்று யாம் சாதிக்கவில்லை. குடியாது அடிப்பாரும் உளர். குடித்தும் அடியாதாரும் உளர்.

ஆயினும் அடித்தவன் மறுநாட் கூறும் விடை யாது? ‘நான் அடிக்கவில்லை, வெறி அடித்தது’ என்பதே. ஊராரும், ‘நல்ல பிள்ளைதான், குடித்தால் மாத்திரம் இப்படி’ என்று அவனுக்குச் சாட்சி சொல்லுவர். இவ்விடையை ஊன்றி ஆராய்தல் வேண்டும். அவ்வெறி தலைக்கேறிய வேளையிலே அவன் தன் முதலாளியை அடித்ததுண்டோ? பொலிசாரை அடித்ததுண்டோ? வழியிலே எதிர்ப்பட்ட வலியோர் எல்லாரையுங் கடந்து வந்து, திருப்பியடிக்கவொண்ணாத ஒருத்தியைத் தேர்ந்து அடித்தவனுக்கு அறிவு முற்றும் மயங்கிற்றென்பது எங்ஙனம் பொருந்தும்? மக்காண்ட்ரூ, எட்கேர்ட்டன் என்னும் அமெரிக்க அறிஞர் இருவர், பல நாட்டு மக்களின் குடிப்பழக்கத்தை ஒப்புநோக்கி 1969ஆம் ஆண்டிலே ஒரு நூல் வெளியிட்டனர். வெறியிலே மனிதர் ஒழுகும் முறை நாட்டுக்கு நாடு வேறுபடுதலையும், தம் சமுதாயம் எதனைப் பொறுக்குமோ அதனையே வெறியிற் செய்தலையும் அவர் எடுத்துக்காட்டினர். மது நாவையுங் காலையும் தள்ளாடச் செய்யும். மனைவியை அடிக்க உத்தரவு கொடுப்பது மதுவன்று, நாமே.

சித்தாந்தம் இதனை வேறொரு வாய்பாட்டாற் கூறும். தன்வயத்தனாயிருந்து கிண்ணத்தைக் கையிலேந்தியவன், அதன்பின் விளைவன அனைத்துக்கும் கருத்தாவாகின்றான். அஃது அவன் புதிதாக ஈட்டும் ஆகாமியம். ‘எல்லாம் என் தலைவிதி’ என்று அவன் கூறுவானாயின், ஆகாமியத்தைப் பிராரத்தமென மயங்கியுரைத்தவனாவான். இம்மயக்கம் குடிப்பவனிடத்து மாத்திரம் இருப்பின் அதிசயமில்லை. சைவசமயங் கற்ற நம்மவருஞ் சிலர், அழுதுவந்த பெண்ணை நோக்கி, ‘அம்மா, இது உன் முன்வினை, பொறுத்துக்கொள்’ என்று கூறியனுப்புகின்றனர். இது சாஸ்திரத்தின் ஒருபாதியை மறைத்துரைப்பதாகும். ஒருவர் நுகரும் துன்பம் அவரது வினைப்பயனேயாயினும், அதனை அவர்க்கு இழைத்தவன் தன் செயலுக்குரிய பாவத்தினின்று தப்பான் என்பதும் சாஸ்திரமே. அடிபட்டவளுக்கு வினைக்கொள்கையை விரித்துரைக்கும் வாய், அடித்தவனைக் கண்டவுடன் மூடிக்கொள்வது ஏன்? அவளுக்கு அவ்வேளையில் வேண்டுவது உபதேசமன்று, அடைக்கலம். வினைக்கொள்கையை அவளுடைய கணவனுக்கு முதலிற் கற்பிக்க.

மற்றும், ஆன்மா ஆணுமன்று, பெண்ணுமன்று. ஆண் பெண் என்பன மாயையினின்று வந்த உடம்பின் வேறுபாடு. பாதகம் பற்றுவதும் ஞானம் பற்றுவதும் ஆன்மாவையே. ஆதலின் ‘கள்ளுண்ணற்க’ என்னும் விலக்கு உடம்பை நோக்கிப் பாற்பாகுபாடு செய்து விதிக்கப்பட்டதன்று. அனாதியாகிய ஆணவ இருளிலே கிடக்கும் உயிருக்கு, இறைவன் தனு கரண புவன போகங்களைத் தந்தது விளக்கேற்றி வைத்தலை ஒக்கும். விடியுமளவும் அச்சிறு விளக்கே துணை. அறிவுக் கருவிகளை மழுங்கச் செய்யும் மது அவ்விளக்கை வாயால் ஊதி அணைப்பதாகும். ஊதியது ஆணின் வாயாயினும் பெண்ணின் வாயாயினும் இருள் ஒன்றே. திருமூலர் தம் முதற்றந்திரத்திலே கள்ளுண்ணாமையைத் தனித்து ஓதியதும் சிவானந்தத்துக்குத் தடையாதல் பற்றியே. திருவள்ளுவர் அதனைப் பொருட்பாலிலே, வரைவின் மகளிருக்கும் சூதுக்கும் நடுவே நிறுத்தினார். பொருளையும் புகழையும் நட்பையும் உடைய குடிகள் எவ்வழியால் அழியும் என்பதை அவ்வரிசையே காட்டும். அவ்விருவரும் விலக்கியதைப் பெண்ணுக்கு மாத்திரம் உரித்தாக்கியவர் நாமே.

‘துயர் மறக்கக் குடிக்கின்றோம்’ என்பாரை மறந்தேமல்லேம். இக்கரையோரம் துயர் அறியாததன்று. 2004ஆம் ஆண்டு டிசெம்பர் 26ஆந் திகதி வந்த ஆழிப்பேரலை, அம்பாறை மாவட்டத்திலே மாத்திரம் பதினாயிரத்தின் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோயிற்று. 2009 வரை நீண்ட போரோ மற்றொரு கடல். அத்துயரைச் சிறிதென்று கூற எவர்க்கும் நா எழாது. ஆயினும் இறந்த பிள்ளைக்குத் தந்தை ஒருவனே உரியனல்லன். அப்பிள்ளையைப் பத்துமாதஞ் சுமந்தவள், குடியாமலே அத்துயரைச் சுமந்தாள். அதன்மேல் அவன் குடியையுஞ் சுமந்தாள். துயர் குடித்தற்குப் போதிய காரணமாயின், கீழைக்கரையிலே மகளிரே மிகுதியாகக் குடித்திருத்தல் வேண்டும். குடி துயரை ஆற்றுவதுமன்று. தெளிந்தபின் அத்துயரோடு கடனும் நாணமும் வந்து சேரும்.

நம் அயலாரையும் நோக்குவோமாக. கல்முனை முதல் அக்கரைப்பற்று வரை முஸ்லிம் ஊரும் தமிழ் ஊரும் மணிகோத்தாற்போல் மாறிமாறி வருகின்றன. விபுலானந்த அடிகள் பிறந்த காரைதீவு, சாய்ந்தமருதுக்கும் நிந்தவூருக்கும் இடையிலுள்ளது. மொழி ஒன்று, கடல் ஒன்று, வயல்நீர் ஒன்று. ஆயினும் முஸ்லிம் ஊரின் நடுவே மதுக்கடையைக் காண்டல் அரிது. அவர் மார்க்கம் ஆணையும் பெண்ணையும் ஒரே சொல்லால் விலக்கிற்று. ஊரும் அவ்விலக்கை ஊர்க்காரியமாகக் கொண்டது. ஒளித்துக் குடிப்பார் அங்கும் உளராகலாம். எனினும் ஒளித்தல் வேண்டியிருத்தலே ஒரு காவல். அங்கு ஆண்மகனும் நாணவேண்டியிருக்கின்றது. நம் மார்க்கமும் இருபாலாரையும் ஒரே சொல்லாலேயே விலக்கிற்று. நம் ஊரோ அதனை மகளிர்காரியமாக்கி விட்டது. அயலாரைப் பழித்தும் போற்றியும் காலங்கழித்தல் எளிது. அவரிடத்து ஒன்றைக் கற்றல் அரிது.

பாடமொன்று ஊரை மாற்றவல்லதோ என்று ஐயுறும் ஆசிரியர்க்கு ஆந்திர நாட்டுச் செய்தியொன்று கூறுவாம். நெல்லூர் மாவட்டத்துத் துபகுண்டா என்னுங் கிராமத்திலே, எழுத்தறியாத பெண்டிர் முதியோர் வகுப்பிற் கூடி வாசிக்கப் பழகினர். அவர் கையிலிருந்த பாடநூலிலே, சாராயத்தால் அழிந்த குடும்பமும், கடையை மூடுவித்த பெண்டிரும் கதையாக வந்திருந்தனர். வாசித்தவர் எழுந்து சென்று 1992ஆம் ஆண்டிலே தம் ஊர்ச் சாராயக்கடையை மூடுவித்தனர். அச்செய்தி ஊருக்கூர் பரவிற்று. மறுவருடமே அரசு சாராயத்தை விலக்கிற்று. 1995இல் முழு மதுவிலக்கும் வந்தது. 1997இல் வருவாய் கருதி அது தளர்த்தப்பட்டது. அரசுகள் அவ்வாறே செய்யும். சாராயவரியை நம்பிய கருவூலம் நெடுநாள் விரதங் காவாது. ஆயினும் எழுத்துக்கூட்டிப் படித்த ஒரு பாடம் ஒரு மாநிலத்தையே அசைத்தது என்பது அழியாது நிற்கின்றது.

ஆதலின் ஆசிரியப் பெருமக்காள்! பஞ்சமா பாதகப் பாடம் நடத்தும்பொழுது உங்கள் கண் எப்பக்கம் செல்கின்றது என்பதைச் சிறிது கவனிக்க. காமம் பொய் என்பவற்றுக்குச் சிறுமியரையும், கொலை களவு என்பவற்றுக்குச் சிறுவரையும் நோக்கிவிட்டுக் கட்குடி வந்தவுடனே எவரையும் நோக்காது கடந்துபோவார் பலர். பையன்கள் தம்முட் சிரிப்பர். ஆசிரியரும் புன்னகை செய்வார். அப்புன்னகையே பாடத்தை அழித்துவிடும். தாமே மாலையிற் குடிப்பவராயின், காலையில் நெற்றியிலிட்ட திருநீற்றின் கீழே அவர் கூறும் அறத்தைப் பிள்ளைகள் எவ்வளவு மதிப்பர் என்பதை அவரே அறிவார். பிள்ளைகள் எதனையும் மறப்பர், ஆசிரியரின் வாய்நாற்றத்தை மறவார்.

கதிர்காமத் திருவிழா அணுகுங்காலத்திலே, பாதயாத்திரை செல்வோர் இக்கரையோரமாக நடந்து, பொத்துவிலையும் உகந்தையையுங் கடந்து, குமனைக் காட்டினூடே செல்வர். அக்காலத்து விரதம் பூண்டு மதுவைத் தொடாதார் பலர். விரதம் முடிந்த மறுநாளே தவறணைக்குச் செல்வாருமுளர். அவரை எள்ளி நகையாடல் எளிது. ஆயினும் அவர் தம்மை அறியாமலே ஒன்றை மெய்ப்பித்துவிட்டனர்: பல நாட்கள் குடியாதிருக்க அவரால் இயன்றது. ‘முருகன் முன்னிலையிலே இயன்றது மனைவியின் முன்னிலையிலே இயலாதோ?’ என்று அவரை அன்போடு வினவுதல் தகும்.

ஈண்டு ஓர் எச்சரிக்கையும் உரியது. பல்லாண்டு நாடோறும் மிகக் குடித்தவன் ஒருநாளிலே சடுதியாக நிறுத்துவானாயின், கைநடுக்கம், வலிப்பு, மதிமயக்கம் என்பன வந்து உயிர்க்கே கேடு நேரலும் உண்டு. இதனைத் தெய்வக்குற்றம் என்று அஞ்சி மீளவுங் குடிக்கத் தொடங்கினாருமுளர். ஆதலின் விரதம் பூணுமுன் அத்தகையோர் வைத்தியரைக் காணல் வேண்டும். அதற்குரிய மருந்துண்டு, அரசினர் வைத்தியசாலையிலே கட்டணமும் இல்லை. ஆடவர்க்குத் துணையாகச் செல்ல நண்பர் கிடைப்பர். ஒளித்துக் குடித்துத் துன்புறும் பெண்ணுக்கோ, அவளது நாணத்தையும் ஊராரின் வாயையுந் தாண்டி வைத்தியரிடம் அழைத்துச் செல்வார் எவருமிலர். நோய் முற்றும்வரை அவள் வெளிப்படாள். அவளோடு பேருந்திலே அமர்ந்து கல்முனை வைத்தியசாலை வரை சென்று, அதனைப் பிறரிடம் உரையாது திரும்பிவருதற்கு நம் பாடசாலை ஆசிரியைகளே தக்கவர்.